இந்த டிராக் யாருடையது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, நம்ம மியூசிக்கைப் படத்துல போட வைக்கறது எப்படிங்க?” சர்ச் கொயரில் வாசிப்பவர்கள், படுகு மொழி ஆல்பங்களுக்குக் கீபோர்டு வாசிப்பவர்கள், காலேஜ் பேண்டு வைத்திருப்பவர்கள் என்று பலருக்கும் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் நின்றபடியே பதில் சொல்லியிருக்கிறேன். நின்றபடி சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் சினிமாவில் ஒரு படத்துக்கு ஒரு இசையமைப்பாளர் என்பதுதான் வழக்கம். பாட்டும் அவர்தான், ஆர்.ஆர். என்னும் பின்னணி இசையும் அவர்தான். வெளியில் ஏற்கெனவே தயாராக இருக்கும் டிராக்கை வாங்கிப் படத்துக்குள் வைப்பது இங்கே அபூர்வம். ஆகவே பென் டிரைவோடு கோடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறுவதில் காலம் கரையுமே தவிர வேலை நடக்காது. நம் போன்றவர்களின் இசை நுழையும் இடங்கள் வேறு. ஆவணப்படம், விளம்பரப் படம், வெப் சீரிஸ், டீத்தூள் கம்பெனியின் இன்ஸ்டாகிராம் வீடியோ, தொண்டு நிறுவனம் தன் வேலையைக் காட்ட எடுக்கும் பத்து நிமிடப் படம், மாணவர்களின் குறும்படம், மொபைல் கேம். இவற்றில் பலவற்றுக்குத் தனியாக இசையமைப்பாளர் வைக்கக் காசும் இருக்காது, நேரமும் இருக்காது. தயாராக இருக்கும் இசைக்கு அனுமதி வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இந்த அனுமதியைத்தான் தொழிலில் சிங்க் லைசென்ஸ் என்கிறார்கள்.

நீலகிரிக்குக் கேமரா புதிதில்லை. பைக்காரா போகும் வழியில் ஒரு புல்வெளிக்கே சூட்டிங் மட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது. 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் ஃபிலிம் சுருளையே தயாரித்தது. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. இங்கே எடுத்துப் போகும் சின்னச் சின்ன வீடியோக்களையும் நான் விடாமல் பார்க்கிறேன். காட்சி முழுக்க நம் மலை. அடியில் ஓடும் இசை மட்டும் எங்கிருந்தோ வந்ததாக இருக்கும். தேயிலைத் தோட்டம் வந்தால் ஒரு புல்லாங்குழல், மூடுபனி வந்தால் ஒரு சந்தூர். தயார் இசை விற்கும் வெளிநாட்டு மியூசிக் லைப்ரரியில் ‘இந்தியா, அமைதி, காலை’ என்று தேடினால் முதலில் வந்து விழும் டிராக் அது. இங்கேயே வாழ்ந்து, இங்கேயே வாசிக்கிறவர்களின் இசை அந்த இடத்தில் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் இசையைப் படங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் இந்த வேலையில் நான் இறங்கியதற்கு அதுதான் காரணம்.

ஒரு எடிட்டருக்கு உங்கள் டிராக் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிமிடம் அவர் கேட்பது, “இது யாரோடது?” என்றுதான். நன்றாக வாசிக்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். மெட்டு என்னுடையது, வரிகள் பிரெண்டு எழுதியது, ரெக்கார்டிங் ஒரு ஸ்டூடியோக்காரர் சும்மா செய்து கொடுத்தது, வயலின் வாசித்தவர் இப்போது ஊரில் இல்லை. எடிட்டருக்கு நாளை மறுநாள் படத்தைக் கொடுக்க வேண்டும். இந்தக் கதையைக் கேட்க அவருக்கு நேரமில்லை. சுமாரான ஒரு லைப்ரரி டிராக்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, ரெக்கார்டிங் செய்த ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன. மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. மெட்டுக்கும் வரிகளுக்கும் எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வாசித்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது 50 ஆண்டு. படத்தில் வைக்க வேண்டுமானால் இவர்கள் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். இவை அனைத்துக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல முடிந்தால் அந்த டிராக்கை ‘ஒன் ஸ்டாப்’ என்பார்கள். படத்துக்கு இசை தேர்ந்தெடுக்கும் மியூசிக் சூப்பர்வைசர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

என் வழக்கம் இது. ரெக்கார்டிங் முடிந்த அன்றே, மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கும்போதே, ஒரு பக்கத் தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பங்குத் தாள் என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒலிப்பதிவு யாருடையது, வாசித்தவருக்கு அன்று கொடுத்த தொகை எவ்வளவு, பின்னால் லைசென்ஸ் காசு வந்தால் அதில் எத்தனை சதவீதம், அனுமதி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு. இவ்வளவுதான். சிநேகிதர்களுக்குள் எதற்குத் தாள் என்று சிலர் சங்கடப்படுவார்கள். சிநேகிதம் நன்றாக இருக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டிய கையெழுத்து இது. ஒரு டிராக்கில் வயலின் வாசித்த குன்னூர் நண்பர் பிறகு வேலைக்கு துபாய் போய்விட்டார். அந்த டிராக்கை ஒரு ஆவணப்படத்துக்குக் கேட்டபோது, அவரை நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே பதில் அனுப்பினேன், காசு வந்ததும் அவர் பங்கை அவர் கணக்கில் போட்டேன். அவர் போன் செய்து, “இப்படியெல்லாம் கூட வருமா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இசையை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உருவாக்கிய உடனேயே உரிமை வந்துவிடுகிறது. காப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை. தகராறு வந்தால் ஆதாரமாக உதவும், அவ்வளவுதான். பதிய விரும்பினால் மெட்டுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். சினிமாப் பாட்டின் கவர் வெர்ஷனை மட்டும் பிட்ச் செய்யாதீர்கள், அதாவது படத்தில் போடச் சொல்லி அனுப்பாதீர்கள். எவ்வளவு அழகாக வாசித்திருந்தாலும் மெட்டு வேறு ஒருவருடையது. அதற்கு அனுமதி கொடுக்க நம்மால் ஆகாது.

இனி பிட்ச் செய்வதற்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, படத்தைப் பார்ப்பது.

கோயம்புத்தூரில் ஒரு எடிட்டர் நம் மலை ரயிலைப் பற்றிய ஆவணப்படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். ரெஃபரன்ஸாக அவர் போட்டு வைத்திருந்த டிராக் படு வேகம். நிமிடத்துக்கு 120 பீட்டுக்கும் மேல், எலக்ட்ரானிக் டிரம்ஸ். ரயில் என்றால் வேகம் என்று கை தானாகப் போய்விட்டது போல. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். காட்சியை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரயில் ஏறிவர ஐந்து மணி நேரம் போல எடுத்துக்கொள்கிறது. கல்லாரைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த பட்டை தொடங்கும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு. என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பல்லாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஏறும். அந்தக் காட்சிக்கு அடியில் வேகமான டிரம்ஸைப் போட்டால் என்ஜின் படும் பாடு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அவர் கேட்டது போல வேகமான ஒன்றையும் அனுப்பினேன். கூடவே மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில், மெதுவாக, கிட்டாரின் தடித்த கம்பிகளிலேயே நகரும் ஒரு டிராக்கையும் அனுப்பி, “பல்சக்கரம் வரும் இடத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்” என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த நாள் சாயங்காலம் வீடியோ காலில் வந்தார். திரையில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது, மெதுவான டிராக் பொருந்தியிருந்தது. அடுத்த சிக்கல், ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவர் பேசும் இடம்.

“தலைவா, வயலின் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரியவர் பேசறப்போ ரெண்டும் மோதுது.”

“ஃபோல்டர்ல வயலின் மட்டும் தனி ஃபைலா இருக்கு பாருங்க. அதை ம்யூட் பண்ணிப் பாருங்க.”

ம்யூட் செய்தார். அடியில் கிட்டார் மட்டும் நின்றது. பெரியவரின் குரல் அப்படியே மேலே எழுந்து வந்தது. இருமிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததுகூடத் தெளிவாகக் கேட்டது. அவர் பேச்சு முடிந்து என்ஜின் விசில் ஊதும் இடத்தில் எடிட்டர் வயலினை மறுபடி திறந்துவிட்டார். கால் முடிவதற்குள், “இதை லாக் பண்ணிடறேன்” என்றார்.

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மனிதக் குரலின் தெளிவு பெரும்பாலும் 1,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. வயலினும், எலக்ட்ரிக் கிட்டாரின் லீடும், குழலும் அதே இடத்தில்தான் உட்காரும். ஆவணப்படத்தில் மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு டிராக்கையும் ஸ்டெம்களாகப் பிரித்து வைத்திருங்கள்: தாளம் தனி, அடித்தளம் தனி, மெலடி தனி, குரல் தனி. குரல் இல்லாத முழு வடிவம் ஒன்று. 60 நொடி, 30 நொடி, 15 நொடி வடிவங்கள். இசை தேய்ந்து தேய்ந்து மறைவதைவிட ஒரு சுரத்தில் வந்து நிற்கும் முடிவு எடிட்டருக்குப் பிடிக்கும். காட்சியின் கடைசி ஃபிரேமோடு அதைப் பொருத்திவிடலாம். நடுவில் எங்காவது ஒரு நொடி மூச்சு விடும் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது, அங்கே கத்தரி போடலாம். எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக இருக்கட்டும். வீடியோவின் கணக்கு அதுதான்.

ஃபைலின் பெயரிலேயே டிராக் பெயர், உங்கள் பெயர், வேகம், எந்த வடிவம் என்பது இருக்க வேண்டும். வேவ் ஃபைலுக்குள் எழுதும் விவரங்கள் பல மென்பொருள்களில் காணாமல் போகும். அதனால் கூடவே ஒரு எம்பி3 வைத்து, அதில் போன் நம்பர், மின்னஞ்சல், உரிமை யாருடையது என்ற மூன்றையும் பதிந்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் டிராக்கைக் கண்டெடுத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடக் கூடாது. வெளியீட்டுக்குப் போன ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாளக் குறியீடு கிடைக்கும், அதையும் சேர்த்துவிடுங்கள்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். நான் அனுப்பிய ஒன்றைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்:

“வணக்கம் சார். தேயிலைத் தொழிலாளர்கள் பற்றிய உங்கள் படத்தின் டிரெய்லர் பார்த்தேன். இலை எடை போடும் இடத்தில் அந்த அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்கு இரண்டு டிராக் பொருந்தும் என்று தோன்றியது. கீழே உள்ள இணைப்பில் கேட்கலாம், இறக்கியும் கொள்ளலாம். இரண்டிலும் மெட்டு, ஒலிப்பதிவு உரிமை முழுவதும் என்னிடம் இருக்கிறது. குரல் இல்லை. ஸ்டெம்கள் தயார். நான் கோத்தகிரியில் இருக்கிறேன், இந்த நம்பரில் எப்போதும் கிடைப்பேன்.”

ஃபைலை மின்னஞ்சலோடு ஒட்டி அனுப்பாதீர்கள், இணைப்பு மட்டும் போதும். இருபது டிராக் அனுப்பினால் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவுபடுத்துங்கள், அதோடு விட்டுவிடுங்கள். வேறொரு படத்துக்கு அவரே தேடி வருவார். எனக்கு அப்படி வந்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியும். எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே டீ ஃபேக்டரி இருக்கிறது. பச்சை இலையை வாடவைக்கும் தொட்டிகளுக்கு அடியில் காற்றாடிகள் ராத்திரி முழுக்க ஓடும். காதுக்குப் பழகிப்போன அந்த ஊமைச் சத்தம் மைக்கில் அப்படியே ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை பலம். தகரக் கூரைக்கு அடியில் கிட்டார் எடுப்பது நடக்காத காரியம். அதனால் எழுதுவதை மழைக்காலத்தில் வைத்துக்கொள்கிறேன். தை மாதம் உறைபனி விழுந்து இலை வரத்து குறையும் நாட்களில், ஃபேக்டரி ஓய்ந்திருக்கும் இரவுகளில் வாசித்துப் பதிகிறேன். விரல் மரத்துப்போகும், கம்பி சுருதி இறங்கும், இடையிடையே அடுப்பில் கை காட்டிவிட்டு வரவேண்டும். ஆனால் அந்த இரவுகளில் கிடைக்கும் சுத்தமான ஒலியைக் கேட்ட ஒரு சென்னை எடிட்டர், எந்த ஸ்டூடியோ என்று விசாரித்தார்.

ஒப்பந்தம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு ரிசார்ட்டுக்காக விளம்பரம் செய்யும் நிறுவனம் என் டிராக் ஒன்றைக் கேட்டது. இருபதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். தொகை பரவாயில்லை. ஒப்பந்தத்தைத் திறந்தால், ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், எல்லா உரிமைகளையும்’ என்று இருந்தது. பை-அவுட் என்பார்கள். இருபதாயிரத்துக்கு மூன்று நிமிட அனுமதி கேட்பது போல ஆரம்பித்து, டிராக்கையே எழுதி வாங்கிக்கொள்ளும் வாசகம் அது. தோட்டத்தைக் கிரயம் செய்வதும், ஒரு பருவத்துக்கு இலை பறிக்கக் குத்தகைக்கு விடுவதும் ஒன்றா? லைசென்ஸ் என்பது குத்தகை. எத்தனை காலம், எந்த ஊர், எந்த ஊடகம், எத்தனை நொடி, படத்தின் தலைப்பிலா பின்னணியிலா, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாதா என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு.

நான் இப்படி எழுதினேன்: “இரண்டு ஆண்டு, இந்தியா, இணையத்தில் மட்டும், இந்த ஒரு படத்துக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு. இதற்கு நீங்கள் சொன்ன தொகை சம்மதம். டி.வி. வேண்டுமானால் தனியாகப் பேசுவோம்.” கோபித்துக்கொள்வார்கள் என்று வீட்டில் பயந்தார்கள். அரை நாளில் திருத்திய ஒப்பந்தம் வந்தது. அந்த நீளமான வாசகம் எல்லாருக்கும் அனுப்பும் அச்சுப் பிரதிதான். கேட்காதவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த சீசனில் டி.வி.க்கும் கேட்டார்கள், அதற்குத் தனியாகக் கொடுத்தார்கள்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2012-ல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் அதற்காகக் குரல் கொடுத்தார். அந்தத் திருத்தப்படி, படத்தில் சேர்ந்த இசைக்கும் பாடல் வரிகளுக்கும் திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. இதற்கெல்லாம் பிறகும், காசு இல்லாத மாணவர்கள் கேட்டால் நான் கொடுக்கிறேன். திரைப்பட விழாக்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பேன். படம் பின்னால் ஏதாவது ஓ.டி.டி.யில் விலை போனால் இவ்வளவு தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் தாளில்தான் கொடுக்க வேண்டும்.

‘யாருடையது’ என்ற கேள்வி எனக்கு மிகவும் கனத்தது வேறொரு இடத்தில்.

அதே போன்ற இன்னொரு விளம்பர நிறுவனம். கிரியேட்டிவ் ஆள் ஒருவர் போனில், “ப்ரோ, அந்த ட்ரைபல் குழல் சவுண்டு வேணும். ஒரிஜினலா இருக்கணும்” என்றார். அவர் சொன்னது இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களின் கொள். நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊதும் குழல் அது. மூச்சு அறாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதுவார்கள். கொம்பும் மேளங்களும் சேரும். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் படுகர்களுக்கும் தோடர்களுக்கும் வாசித்தவர்கள் கோத்தர்கள். மார்கழி, தை வாக்கில் கம்பட்டராயர் திருவிழா நடக்கும்போது அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு வேறெதுவும் அதற்கு ஈடாகத் தோன்றாது. எனக்கு ஒரு பெரியவர் பழக்கம். அவர் ஊதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிந்து வைத்திருந்தேன். படிப்பதற்காக, என் காதுக்காக. நேரில் போய்க் கேட்டேன்.

“ஐயா, இதை ஒரு விளம்பரத்துக்குக் கேக்கறாங்க. ஹோட்டல் விளம்பரம்.”

போனை வாங்கிக் கொஞ்ச நேரம் கேட்டார். “இது சாவுக்கு ஊதறது தம்பி. ஹோட்டலுக்கு எப்படிப் போடறது?”

“வேற ஏதாவது ஆகுங்களா?”

“சாமிக்கு ஊதறது ஆகாது. ஆட்டத்துக்கு ஊதறது இருக்கு. அதுவும் நான் ஒருத்தன் சொன்னாப் போதுமா, ஊர்ல கேக்கணும்.”

சட்டப் புத்தகத்தில் தேடினால் இந்த மெட்டுகளுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடைக்க மாட்டார். எழுதிய ஒருவரின் பெயரையும் ஆயுளையும் வைத்துத்தான் காப்புரிமைக் கணக்கு ஓடுகிறது. எப்போது யார் கட்டினார்கள் என்று தெரியாத மெட்டு, தாளில் பார்த்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் மெட்டு. ஆனால் அதை எங்கே ஊதலாம், எங்கே ஊதக் கூடாது என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. இதைவிடத் தெளிவான உரிமைக் கணக்கை நான் எந்த ஒப்பந்தத்திலும் பார்த்ததில்லை. நிறுவனத்துக்கு முடியாது என்று சொல்லி, நானே கட்டிய ஒரு மெட்டை வேண்டுமானால் தருகிறேன் என்றேன். அவர்களுக்கு அது வேண்டாம். வேறு எங்கோ போய்விட்டார்கள். மலையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சாவு மெட்டை நீச்சல் குளக் காட்சிக்கு அடியில் போட என்னால் ஆகாது. சாம்பிள் பேக் (எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஒலித் துண்டுகளின் தொகுப்பு) என்ற பெயரில் இப்படிப்பட்ட ஒலிகளை ஊர் பெயர்கூட இல்லாமல் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிற்பாடு பெங்களூரிலிருந்து ஆவணப்படம் எடுக்கும் ஒரு பெண் வந்தார். அவருக்கும் கொள் இசைதான் வேண்டும். ஆனால் அவர் முதலில் ஊருக்குப் போனார், பேசினார், காத்திருந்தார். ஊர் கூடி ஆட்ட மெட்டு ஒன்றைக் கொடுக்கலாம் என்றது. நான் மைக் வைத்துப் பதிந்து கொடுத்தேன். என் வேலை அவ்வளவுதான். தாளில் எழுதியது: இந்த ஒரு படத்துக்கு மட்டும், லைப்ரரிக்கோ வேறு படத்துக்கோ கொடுக்கக் கூடாது, வாசித்த ஒவ்வொருவரின் பெயரும் ஊர்ப் பெயரும் படத்தின் இறுதியில் வர வேண்டும், காசு ஒவ்வொருவரின் வங்கிக் கணக்குக்கும் நேராகப் போக வேண்டும், ஒலிப்பதிவின் மூலப் பிரதி ஊருக்குச் சொந்தம். வெறும் டிராக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். படத்தை ஊரில் திரையிட்டபோது பெயர்கள் ஓடுகையில் சின்னப் பையன்கள் ஒவ்வொரு பெயருக்கும் கத்தினார்கள்.

டிராக் படத்தில் ஏறிய பிறகும் வேலை முடிவதில்லை. கியூ ஷீட் என்று ஒரு பட்டியல் உண்டு. படத்தில் வரும் ஒவ்வொரு இசைத் துண்டும் எத்தனை நிமிடம், யார் கட்டியது, பின்னணியா முன்னணியா என்று வரிசையாக இருக்கும். டி.வி.யிலோ ஓ.டி.டி.யிலோ படம் ஓடும்போது ராயல்டி கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். தயாரிப்பாளர் மறந்துவிடுவார், நான் கேட்டு வாங்கி, என் பெயரின் எழுத்துகூட்டலைச் சரிபார்த்து வைத்துக்கொள்கிறேன். இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். 1969-ல் தொடங்கியது, 2017-ல் காப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவு பெற்றது. உங்கள் மெட்டுகளை அங்கே பதியாமல் கியூ ஷீட் மட்டும் இருந்து பயனில்லை.

யூடியூப் பற்றி ஒரு வார்த்தை. நம் டிராக்கை விநியோக நிறுவனம் வழியாக வெளியிடும்போது கன்டென்ட் ஐ.டி.யில், அதாவது நம் இசை எந்த வீடியோவில் வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூபின் ஏற்பாட்டில், சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்த்தால், நம்மிடம் முறையாக லைசென்ஸ் வாங்கியவரின் வீடியோ மீதும் இயந்திரம் தானாக உரிமை கோரும். படம் வெளியாகும் ராத்திரியில் டைரக்டருக்கு அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் நம் பெயர் கெட்டுவிடும். குன்னூரில் ஒரு நண்பருக்கு அது நடந்தது. விநியோக நிறுவனம் பதில் சொல்லவே பல நாள் எடுத்துக்கொண்டது, அதற்குள் வீடியோவின் நல்ல காலம் போய்விட்டது. லைசென்ஸ் கொடுக்கும் அன்றே வாடிக்கையாளரின் சேனல் இணைப்பை வாங்கி, விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி உறுதி வாங்கிவிடுங்கள். எல்லாருக்கும் கிடைக்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டு) வைத்துக் கட்டிய டிராக்கைக் கன்டென்ட் ஐ.டி.யில் சேர்க்கவே கூடாது.

பங்குத் தாளையும், இரண்டு பக்க லைசென்ஸ் மாதிரியையும் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன். குன்னூர் வழக்கறிஞர் ஒருவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன், காசு எதுவும் வேண்டாம். யாராவது உங்களுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிடலாம்.